பேஸ்ட் செட் ஆக ஒரு வாரம்

போன மாதம் என் பழைய கிளையில் இப்போது வேலை பார்க்கும் ஒருவர் போன் செய்தார். ஒரு கம்ப்யூட்டருக்குப் புதுப் பேஸ்ட் வைத்திருக்கிறார், சூடு குறையவில்லை. "செட் ஆவறதுக்கு ஒரு வாரம் விடணும்னு சொல்றாங்களே, நெசமா சார்?" என்று கேட்டார். ஒரு நாள்கூட விட வேண்டாம், இப்போதே திறந்து பாருங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். அதைப் போனில் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் ஒரு விரல் நகம் அளவுதான் இருக்கும். ஓடும்போது நன்றாகச் சூடேறும். அந்தச் சூட்டை இழுக்க அதன் தலைமேல் ஒரு அலுமினியக் கட்டியும், அதன்மேல் ஒரு சின்ன ஃபேனும் உட்காரும். கட்டியும் பிராசஸரும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நடுவில் நுண்ணிய இடைவெளி இருக்கும். அதை அடைக்க வெள்ளையாக ஒரு பேஸ்ட் தடவுவோம். அந்தப் பேஸ்ட் வைத்ததும் முழுசாக வேலை செய்யுமா, சில நாள் ஓடிப் பழகின பிறகுதான் செய்யுமா என்பதுதான் கேள்வி.

எனக்குச் சொந்த ஊர் கண்ணமங்கலத்துக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போனவர்கள். ஐ.டி.ஐ. முடித்து டிவி மெக்கானிக்காகப் பல வருஷம் ஓட்டினேன். தொண்ணூறுகளின் நடுவில், வேலூரில் கம்ப்யூட்டர் விற்றுக்கொண்டிருந்த ஒரு கம்பெனி ஆரணியில் சர்வீஸ் கிளை திறந்தது. அதில் சேர்ந்தேன். மூன்று மாதப் பயிற்சி. கழற்றினோம், மாட்டினோம், வேறொன்றும் ஞாபகம் இல்லை. வேலை கற்றது அதற்குப் பிறகு, ஞானசேகரன் சாரிடம்.

அவர்தான் எங்கள் கிளைக்குப் பொறுப்பாளர். குள்ளமான மனிதர். தன்னைவிடச் சின்னவர்களையும் "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். ஒரு மெஷினைத் திறப்பதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பக்கத்தில் ஒரு இட்லித் தட்டு இருக்கும். கழற்றுகிற ஸ்க்ரூக்களை வகைக்கு ஒரு குழியாகப் போடுவார். பழைய பேஸ்ட்டை மெல்லிய துணியில் ஸ்பிரிட் நனைத்துத் துடைப்பார். இரண்டு பக்கமும் துடைத்த பிறகு, அலுமினியக் கட்டியின் அடிப்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். பிறகு விரல் நகத்தால் அதன் ஓரத்தை ஒருமுறை மெதுவாகக் கீறிப் பார்ப்பார். எதற்கு என்று நான் கேட்டதில்லை. பிறகுதான் ஒரு அரிசி அளவு பேஸ்ட் வைப்பார்.

ஆரணியில் எங்களுக்கு வேலைக்குக் குறைவே இல்லை. பட்டு முதலாளிகள் ஒவ்வொருவராகக் கம்ப்யூட்டருக்கு மாறிக்கொண்டிருந்த காலம். தறி ஓடும் வீட்டில் வைத்த மெஷினைத் திறந்தால் உள்ளே பட்டு இழையும் கஞ்சித் தூளும் பஞ்சுமாதிரி அடைந்திருக்கும். ஃபேன் நின்றுவிடும். அதனால் பேஸ்ட் வேலை எங்களுக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று வரும். ஒவ்வொரு வேலைக்கும் ரிஜிஸ்டரில் இரண்டு கட்டம் நிரப்ப வேண்டும் என்பது சாரின் சட்டம். திறப்பதற்கு முன் எவ்வளவு சூடு, மூடி அரை மணி நேரம் ஓட்டிய பின் எவ்வளவு சூடு. இரண்டாவது கட்டத்தை நிரப்பாமல் வாடிக்கையாளர் வீட்டை விட்டு வரக் கூடாது.

ஒருமுறை புதிதாக ஒரு பேஸ்ட் ட்யூப் வந்தது. கூடவே ஒரு துண்டுக் காகிதம். நிறைய மணி நேரம் ஓடி, சூடாகி, ஆறி, மறுபடி சூடான பிறகுதான் இந்தப் பேஸ்ட் முழுப் பலன் தரும் என்று அதில் எழுதியிருந்தது. சார் அதை இரண்டு தடவை படித்தார். எங்கள் ஆபீஸில் பில் போடும் மெஷினுக்கே அந்தப் பேஸ்ட்டை வைத்தார். ஒரு மாதம், ஆபீஸ் இருந்த ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்கு ஒரே புரோகிராமை அரை மணி நேரம் ஓட்டி, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சூட்டைக் குறித்துக்கொண்டு வந்தார். முதல் நாள் ஐம்பத்திரண்டு. பத்து நாளில் ஐம்பது. அதற்குப் பிறகு அசையவில்லை.

"ரெண்டு டிகிரி. காயிதத்துல இருக்கிறது பொய்யில்ல," என்றார். "ஆனா கஸ்டமர் கிட்ட இத சொல்லக் கூடாதுங்க."

உண்மைதானே, சொன்னால் என்ன என்று கேட்டேன்.

"சொல்லிப் பழகிட்டோம்னா, நாம தப்பு பண்ண அன்னிக்கும் இதையேதான் சொல்லுவோம்."

இரண்டாயிரத்துக்குப் பிறகு அவரை வேலூருக்கு மாற்றினார்கள். கிளை என் பொறுப்பில் வந்தது. ஆள் குறைத்துவிட்டதால் பொறுப்பாளரும் நான்தான், வெளியே போய் வேலை செய்பவனும் நான்தான்.

அந்த நாட்களில்தான் ஏழுமலையைத் தெரியும். சேவூரில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது. பேச்சு கொஞ்சம் வரும், ஆனால் பழகியவர்களுக்குத்தான் புரியும். மற்றவர்களோடு எழுதித்தான் பேசுவார். எழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். சேலைக்கு டிசைன் போடுவது அவர் வேலை. கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாகப் பென்சிலால் நிரப்பி மயிலும் மாங்காயும் வரைவார். அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் தறிக்கு மாட்டும் அட்டையில் துளை போடுவார்கள். ஒரு கட்டம் தவறினால் சேலை முழுக்கத் தவறும். இருபது வருஷத்தில் ஏழுமலையின் தாளில் ஒரு கட்டம்கூடத் தவறியதில்லை என்று அவருடைய முதலாளி கோவிந்தசாமி என்னிடமே சொல்லியிருக்கிறார்.

கோவிந்தசாமி முதலாளி டிசைனைக் கம்ப்யூட்டரில் போட முடிவெடுத்தபோது, வீட்டார் அவருடைய அக்கா மகனைச் சொன்னார்கள். படித்த பையன், வெளியில் கோர்ஸ் முடித்திருந்தான். காது கேட்காதவரிடம் இவ்வளவு விலையுள்ள பொருளைக் கொடுப்பதா என்று பேச்சு வந்தது. முதலாளி கேட்கவில்லை. மெஷினை வாங்கி ஏழுமலை வீட்டிலேயே வைக்கச் சொன்னார். மாட்டிக் கொடுத்தவன் நான். மவுஸைப் பிடிக்க இரண்டு நாள், புரோகிராமைக் கற்க ஒரு மாதம். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகளுக்கு எனக்கே பதில் தெரியவில்லை. தாளில் கேள்வியை எழுதி நீட்டிவிட்டு, நான் திணறுவதைப் பார்த்துச் சிரிப்பார்.

ஒரு சித்திரை மாதம் அந்த மெஷின் அடிக்கடி நின்றுபோகிறது என்று தகவல் வந்தது. ஆவணி முகூர்த்தங்களுக்காகச் சென்னைக் கடை ஒன்றுக்கு ஆறு டிசைன் போய்ச் சேர வேண்டிய நேரம். போய்த் திறந்தேன். ஃபேன் இறுகியிருந்தது. கட்டியும் ஃபேனும் சேர்ந்த புது செட் ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். பேஸ்ட் வைத்தேன், மாட்டினேன், மூடினேன். ஸ்விட்சைப் போடும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் வரவில்லை. அன்று மதியம் எங்கள் பக்கத்துச் சேத்துப்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பதினைந்து மெஷின் மாட்ட வேண்டியிருந்தது. கரண்ட் வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஏழுமலைக்கு எழுதிக் காட்டிவிட்டுக் கிளம்பினேன். ரிஜிஸ்டரில் இரண்டாவது கட்டம் காலியாகவே இருந்தது.

மூன்றாம் நாள் காலை அவர் மனைவி மலர் டவுன் பஸ் பிடித்துக் கிளைக்கே வந்தார். கையில் ஈரக் குடை. கோடை மழை.

"சார், அந்தப் பொட்டி கூவிகினே இருக்குது சார். அவுருக்குத் தெரியல. நான் சொன்னா, ஸ்கிரீன்ல எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்கறாரு."

கூவுவது என்றால் சூடு எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். கேபினெட்டுக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் அதற்காகத்தான் அடிக்கும். எனக்கு இது தெரியும். சேவூர் எங்கள் கிளையிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். ஆனால் சேத்துப்பட்டு வேலை பாதியில் நின்றது, தலைமை ஆபீஸிலிருந்து காலையிலேயே இரண்டு போன். அந்தத் துண்டுக் காகிதம் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. அதை எடுத்து மலருக்குக் காட்டினேன்.

"புதுப் பேஸ்ட்டும்மா. செட் ஆவறதுக்கு ஒரு வாரம் ஆவும். அது வரைக்கும் அப்பப்ப கூவும். ஒண்ணும் பயப்படாதீங்க."

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். சரி சார் என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு, அவரை நல்லபடியாகச் சமாளித்துவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றியது. மறைக்காமல் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வர வேண்டாம் என்று சொன்னதே நான்தானே. வீட்டில் அந்தச் சத்தத்தோடு அவர் ஒரு வாரம் சமைத்திருக்கிறார், துணி துவைத்திருக்கிறார். ஏழுமலை அந்தச் சத்தத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்து ஆறு டிசைனில் நாலை முடித்திருக்கிறார். மெஷின் நின்றால் ஆற விட்டு, விட்டுப்போனதை மறுபடி போட்டிருக்கிறார்.

ஒன்பதாம் நாள் பொசுங்கிய வாடை வந்து ஸ்விட்சை அணைத்திருக்கிறார்கள். முதலாளியின் அக்கா மகன் மெஷினை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் கிளையில் இறக்கினான். போர்டு கறுத்திருந்தது. பிராசஸர் செத்துவிட்டது. சேமிக்கும்போதே நின்றுபோனதில் இரண்டு டிசைன் ஃபைல் திறக்கவே இல்லை.

எல்லோரும் போன பிறகு அந்தக் கட்டியைக் கழற்றித் துடைத்தேன். பேஸ்ட்டுக்கு அடியில் ஏதோ சுருண்டிருந்தது. நகத்தால் நிமிண்டினேன். உரிந்து வந்தது. புதுக் கட்டியின் அடியில் கீறல் விழாமலிருக்கக் கம்பெனியில் ஒட்டி அனுப்பும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். நடுவில் பிராசஸர் அளவுக்குப் பழுத்துப் பழுப்பாகியிருந்தது. அந்தத் தாளை உரிக்காமல் அதன்மேல் பேஸ்ட் தடவியிருக்கிறேன். ஞானசேகரன் சார் ஏன் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், ஏன் நகத்தால் கீறினார் என்பது அப்போதுதான் புரிந்தது. ஒரு வாரம் இல்லை, ஒரு வருஷம் விட்டிருந்தாலும் அது செட் ஆகியிருக்காது.

மறுநாள் முதலாளியே வந்தார். "எப்பிடி ஆச்சு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. என்னிடம் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அதற்குள் ராத்திரி முழுக்க நான் யோசித்து வைத்திருந்தேன். என் பெண்ணுக்கு அந்த வருஷம்தான் காலேஜ். தலைமை ஆபீஸில் இன்னும் ஆள் குறைக்கப் போவதாகப் பேச்சு.

"சூடு ஏறினா அலாரம் அடிக்கும் சார். அடிச்சிருக்குது. அவருக்குக் கேக்கல. நிறுத்தாம ஓட்டிகினே இருந்திருக்காரு."

ஒவ்வொரு சொல்லும் நடந்ததுதான். அப்படிச் சேர்த்துச் சொன்னதுதான் பொய். முதலாளி கொஞ்ச நேரம் அந்தக் கறுத்த போர்டையே பார்த்தார். கூடவே வந்த அக்கா மகன் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் பேச வேண்டிய அவசியமே இல்லை.

புது மெஷின் வந்தது, அக்கா மகன் வீட்டுக்கு. தாளில் போடும் டிசைனை அதற்குள் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். ஏழுமலை இன்னொருவர் தறியில் கூலிக்கு உட்கார்ந்தார். மற்றவர்கள் போட்ட டிசைனை நெய்தார்.

அடுத்த வாரம் மலர் ஒருமுறை கிளைக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"நான் வந்து சொன்னேனே சார்."

விடாமல் கூவியது என்று நீங்கள் சொல்லவில்லையே, அப்பப்ப கூவும் என்றுதானே நானும் சொன்னேன் என்று எதையோ சொன்னேன்.  அவர் படியிறங்கிப் போனார். முதலாளியிடம் அவர் போய்ச் சொன்னாரா, சொல்லி எடுபடவில்லையா, எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவில்லை.

ஆறு வருஷம் ஓடியது. ஓய்வு பெற்ற ஞானசேகரன் சார் ஒரு கல்யாணத்துக்காக ஆரணி வந்தவர், கிளைக்கும் வந்து உட்கார்ந்தார். பழைய ரிஜிஸ்டர்களை அலமாரியிலிருந்து எடுத்து, யாரோ போட்டோ ஆல்பம் பார்ப்பதுபோல் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து நின்றார். இது ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டார். கரண்ட் போய்விட்டது சார் என்று ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. தாளை உரிக்காததிலிருந்து மலர் வாசலில் நின்றது வரை எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"அவரு இருக்காருங்களா?" என்றார்.

"இருக்காரு சார். சேவூர்லதான்."

"அப்ப இத ஏன் எங்கிட்ட சொல்றீங்க?"

ரிஜிஸ்டரை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சேவூர் போனேன். ஏழுமலை தறிக்குழியிலிருந்து ஏறி வந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், பழைய பழக்கத்தில், எழுத ஏதாவது இருக்கிறதா என்று கையால் தேடினார். நான் வீட்டிலேயே எழுதிக் கொண்டுபோன இரண்டு பக்கத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பி மறுபடியும் படித்தார். பிறகு மலரிடம் நீட்டினார்.

மலர் படித்து முடித்ததும் என்னிடம் சொன்னது இதுதான். "அன்னில இருந்து எதையும் தொட மாட்டாரு சார். டிவி போட மாட்டாரு. பொண்ணு செல்லு வாங்கியாந்து குடுத்தா, மெசேஜ் பாருங்கப்பான்னு, அதையும் தொடல. என் கையில பட்டா கெட்டுப் போயிடும்னு எழுதிக் காட்டுவாரு."

ஏழுமலை என் பேனாவை வாங்கி, என் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதினார். எழுத்து அதே அச்சு எழுத்து. "முதலாளிக்குத் தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"சொல்லுங்கள்," என்று எழுதினார்.

அங்கிருந்து நேராக முதலாளி வீட்டுக்குப் போனேன். அவர் மகன் என்னை மாடிக்கு அழைத்துப் போனார். இரண்டு மாதத்துக்கு முன் முதலாளிக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டதாம். வியாபாரத்துக்காக வெளியில் அதிகம் சொல்லவில்லையாம். அப்பாவுக்கு யார் பேசுவதும் விளங்குவதில்லை என்று மகன் சொன்னார். ஏழுமலை என்ற பெயர் மகனுக்கு ஞாபகம் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் எல்லாவற்றையும் சொன்னேன். தாளை உரிக்காதது நான், அலாரம் அடிக்கிறது என்று வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பியது நான், உங்களிடம் பொய் சொன்னதும் நான். முதலாளியின் கண் திறந்துதான் இருந்தது. என் தோளுக்குப் பின்னால் இருந்த எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. மகன் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார், கீழே வந்ததும் காபி கொடுத்தார்.

சாயங்காலம் மறுபடி சேவூர் போனேன். ஏழுமலை வாசலில் நின்றுகொண்டிருந்தார். குளித்து, வேறு சட்டை போட்டிருந்தார். நான் உட்காருவதற்கு முன்பே, தயாராக வைத்திருந்த தாளை நீட்டினார். "என்ன சொன்னார்?"

பேனாவைத் திறந்தேன். பிறகு எழுதினேன். "ரொம்ப வருத்தப்பட்டார். ஏழுமலை கை தவறாத கை என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும் என்றார்."

ஏழுமலை படித்தார். தொண்டையிலிருந்து ஏதோ ஒரு ஒலி வந்தது. தாளை மலரிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

மலர் அந்த இரண்டு வரியை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் தினமும் நூல் சுற்றும் வேலைக்குப் போவது முதலாளி வீட்டுக்கு எதிர் வீடு. அது எனக்கு அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தபோதுதான் ஞாபகம் வந்தது; முதலாளி கிடக்கும் நிலை அவருக்குத் தெரியாமலிருக்காது. தாளை நாலாக மடித்து ஜன்னல் கம்பிக்கு நடுவில் செருகி வைத்தார். என்னோடு தெரு முனை வரை நடந்து வந்தார்.

"அவுரு நம்பிகினே இருக்கட்டும்," என்றார். "நீங்க மட்டும் இனிமே இந்தப் பக்கம் வராதீங்க சார்."

பஸ் வரும் வரை நிற்காமல் திரும்பிப் போனார். நான் அதற்குப் பிறகு சேவூருக்குப் போகவில்லை.